லிஃப்ட் செய்த பிக்கப்: பின் ஷாக் மவுண்ட்டை எங்கே மாற்றி வைப்பது?

சேறுபூசி:

பின்னால் லீஃப் ஸ்பிரிங், சாலிட் ஆக்ஸில் உள்ள பிக்கப். 4 இன்ச் உயரம் கூட்டுகிற புது பட்டைக்கட்டு (லீஃப் அடுக்கு) போட்டாகிவிட்டது, கூடவே 10 இன்ச் ஸ்ட்ரோக் (மூடி நீளும் தூரம்) உள்ள மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) ஷாக். ஆனால் மவுண்ட் மட்டும் கம்பெனி வைத்த இடத்திலேயே இருக்கிறது. மேல் முனை சேசிஸுக்கு நடுவில் ஓடும் கிராஸ் மெம்பரில் ஒரு ஸ்டட்டில் மாட்டியிருக்கிறது, கீழ் முனை ஹவுசிங்குக்கு (ஆக்ஸிலை மூடியிருக்கும் குழாய்க்கு) அடியில் தொங்கும் பிராக்கெட்டில். பின்னால் நின்று பார்த்தால் இரண்டு ஷாக்கும் ஓட்டுக்கூரை மாதிரி நடுவை நோக்கிச் சாய்ந்து நிற்கும்.

பிரச்சினை இதுதான்: கொஞ்சம் வேகமாகப் பள்ளத்தில் இறங்கி ஏறினால் பின்னாலிருந்து டங்கென்று இரும்போடு இரும்பு மோதும் சத்தம். பம்ப் ரப்பர் (ஆக்ஸில் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) அடிக்கிறதோ என்று கீழே படுத்துப் பார்த்தால், ரப்பரின் முகத்தில் தூசி கலையாமல் அப்படியே படிந்திருக்கிறது. ஒரு தடவைகூட அடிபடவில்லை. ஆனால் மேல் ஸ்டட் இரண்டும் லேசாக வளைந்திருக்கின்றன, இடது பக்க ஷாக்கின் ராடில் எண்ணெய் ஈரம்.

டேப் வைத்து அளந்தது: வண்டி தரையில் நிற்கும்போது கண்ணுக்குக் கண் (ஷாக்கின் இரு முனைகளும் மாட்டும் இடங்களுக்கு இடையே) 21 இன்ச். ஷாக் முழுக்க மூடினால் 17.5, முழுக்க நீட்டினால் 27.5. செங்குத்திலிருந்து சாய்வு 35 டிகிரி. பம்ப் ரப்பருக்கும் ஹவுசிங்குக்கும் இடைவெளி 5 இன்ச்.

மேல் மவுண்ட்டை உயர்த்த வேண்டும் என்பது தெரிகிறது. எவ்வளவு, எந்த இடத்தில் என்பதுதான் குழப்பம். நேராக நிறுத்தலாமா, கொஞ்சம் சாய்வு வேண்டுமா? சேசிஸில் வெல்டு செய்யலாமா? தெரிந்தவர் ஒருவர் இதெல்லாம் எதற்கு, கீழ் பிராக்கெட்டை இன்னும் 2 இன்ச் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்கிறார். அது சரியா?

பட்டைக்கட்டு:

கீழ் பிராக்கெட்டை இறக்குவதை மட்டும் செய்யாதீர்கள். ஏற்கெனவே அது ஹவுசிங்குக்கு அடியில் தொங்குகிறது, லிஃப்ட் செய்து சம்பாதித்த உயரத்தில் 2 இன்ச்சை நீங்களே திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகும். முதல் பாறையில் அதுதான் மாட்டும். நீளமான பிராக்கெட் என்றால் நெம்புகோல் விசையும் அதிகம், வெல்டு கிழிய வாய்ப்பு உண்டு.

உங்கள் அளவுகளை வைத்தே கணக்குப் போட்டால் சத்தத்துக்குக் காரணம் தெரிந்துவிடும். 21 இன்ச் நீளம், 35 டிகிரி சாய்வு என்றால் இரண்டு மவுண்ட்டுக்கும் இடையே செங்குத்தாக 17.2 இன்ச், பக்கவாட்டில் 12 இன்ச். பக்கவாட்டுத் தூரம் பெரிதாக மாறாது, ஆக்ஸில் ஏற ஏறச் செங்குத்துத் தூரம் மட்டும் குறையும். ஆக்ஸில் 4.5 இன்ச் ஏறியதும் கண்ணுக்குக் கண் 17.5 வந்துவிடும், அதாவது ஷாக் முழுக்க மூடிவிட்டது. பம்ப் ரப்பரோ 5 இன்ச் தள்ளி இருக்கிறது. ரப்பர் செய்ய வேண்டிய வேலையை ஷாக்கின் பிஸ்டனும் மேல் ஸ்டட்டும் செய்துகொண்டிருக்கின்றன. தூசி கலையாமல் இருப்பதற்கு இதுதான் அர்த்தம்.

இரண்டாவது, சாய்வு. பலரும் கவனிக்காத விஷயம் இது. ஷாக் சாய்ந்திருந்தால் ஆக்ஸில் நகரும் வேகத்தில் ஒரு பகுதிதான் ஷாக்குக்குப் போகும், ஷாக் தரும் விசையிலும் ஒரு பகுதிதான் ஆக்ஸிலுக்குத் திரும்பி வரும். இரண்டு முறை இழப்பு. அதனால் கோணத்தின் கொசைனை இருமடி எடுக்க வேண்டும். 15 டிகிரியில் 93 சதவீதம் மிஞ்சும், 30-ல் 75, 35-ல் 67, 45-ல் பாதிதான். அதைவிட மோசம், உங்கள் மாதிரி மேல் முனை நடுவை நோக்கிச் சாய்ந்த அமைப்பில் ஆக்ஸில் ஏற ஏற ஷாக் இன்னும் படுத்துக்கொண்டே போகும். 4.5 இன்ச் ஏறும்போது சாய்வு 43 டிகிரியைத் தாண்டிவிடும். அடி பலமாக விழும் நேரத்தில்தான் ஷாக்கின் பிடி மிகவும் தளர்ந்திருக்கும். கம்பெனிக்காரர்கள் சாமான் ஏற்றும் பின் தொட்டிக்கு அடியில் இடம் மிச்சம் பிடிக்கவும், வண்டி காலியாக ஓடும்போது சொகுசாக இருக்கவும் இப்படி வைக்கிறார்கள், மண் பாதையில் ஓடுவதற்காக அல்ல.

ஆகவே இடத்தைத் தேடுவதிலிருந்து தொடங்காதீர்கள். ஆக்ஸில் எவ்வளவு ஏறலாம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், அதைத் தீர்மானிப்பது டயரும் ஃபெண்டரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும். அங்கே பம்ப் ரப்பரை வையுங்கள். ரப்பர் முழுக்க நசுங்கிய நிலையிலும் ஷாக்கில் அரை இன்ச் மிச்சம் இருக்க வேண்டும், நசுங்காத நிலையில் அளந்தால் போதாது. அந்த அரை இன்ச் கிடைக்கிற இடம்தான் மேல் மவுண்ட்டின் உயரம். இறங்கும் பக்கம் எவ்வளவு மிஞ்சுகிறதோ அதை வைத்து இந்த ஷாக்கே போதுமா, 12 இன்ச் ஸ்ட்ரோக் வேண்டுமா என்று பாருங்கள். பிராக்கெட் கடைசி.

டீசல்புகை:

இவ்வளவு வெட்டு ஒட்டு எதற்கு? பம்ப் ரப்பருக்கு அடியில் 2 இன்ச் கட்டை வைத்து இறக்குங்கள். ஷாக் மூடுவதற்கு முன் ரப்பர் அடித்துவிடும். அரை நாள் வேலை.

பட்டைக்கட்டு:

ஷாக் உடையாது, உண்மைதான். ரப்பர் ஒரு இன்ச் நசுங்கும் என்று வைத்தால் ஆக்ஸில் 4 இன்ச் ஏறி நிற்கும், அப்போது கண்ணுக்குக் கண் 17.8 சொச்சம், கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மவுண்ட் வேலை முடிகிறவரை வண்டியை ஓட்ட வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யலாம், நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் பிக்கப்பில் பாரம் ஏற்றினால் 2 இன்ச் உட்காரும், அப்புறம் ரப்பருக்கு 1 இன்ச்தான். 4 இன்ச் லிஃப்ட் போட்டுவிட்டு 1 இன்ச் பயணத்தில் ஓட்டுவது என்ன கணக்கு? சாய்வு பிரச்சினையும் அப்படியே நிற்கும்.

தீப்பொறி:

கணக்கை அவர் சொல்லிவிட்டார், நான் வெல்டிங் பக்கம் மட்டும்.

தம்பி, முதலில் சேசிஸ் என்ன வகை என்று பாருங்கள். நாலு பக்கமும் மூடிய பாக்ஸ் சேசிஸா, ஒரு பக்கம் திறந்த சி சேனலா? சி சேனல் கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கும்படியே வடிவமைக்கப்பட்டது. அதில் நடுவில் ஒரு முரட்டுக் குறுக்குக் குழாயை வெல்டு செய்துவிட்டால் முறுக்கமெல்லாம் வெல்டின் ஓரத்தில் வந்து சேரும், ஒரு நாள் அங்கேயே விரிசல் விடும். அதில் போல்ட்டு போடுவதுதான் நல்லது, அதுவும் செங்குத்தான நடுப்பகுதியில் மட்டும். மேல் கீழ் விளிம்புகளில் துளையும் போடக் கூடாது, வெல்டும் வைக்கக் கூடாது. வளைவு விசையில் பெரும்பகுதியைத் தாங்குவது அந்த விளிம்புகள்தான். பெரிய லாரிகளின் சேசிஸ் பல வெப்பப் பதம் ஏற்றிய எஃகு, தயாரிப்பாளரின் பாடி பில்டர் கையேட்டில் வெல்டிங்கே வேண்டாம் என்று எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால் அதோடு வாதாடாதீர்கள்.

பாக்ஸ் சேசிஸ் என்றால் வெல்டு செய்யலாம். ஆனால் குழாயை நேராகச் சேசிஸின் மெல்லிய சுவரில் ஒட்டாதீர்கள். முதலில் ஒரு அடித்தகடு, சேசிஸ் தகட்டின் கனமோ அதைவிடக் கொஞ்சம் கூடவோ, மூலைகளை உருட்டி வெட்டியது. அதைச் சேசிஸின் நீளவாக்கில் வெல்டு செய்யுங்கள். சேசிஸுக்குக் குறுக்காக மேலிருந்து கீழாக நேர்கோட்டில் ஒரு வெல்டு இழுத்தால், பிளேடு வைத்துக் கோடு கிழித்துக் கொடுத்த மாதிரி, உடைவதற்கு இடம் நீங்களே காட்டுகிறீர்கள். தகட்டின் மேல்தான் குழாய். 44 மிமீ வெளிவிட்டம், 3 மிமீ சுவர் உள்ள தையலில்லாத குழாய் இந்த எடைக்குத் தாராளம். இரண்டு பக்கச் சேசிஸையும் அந்தக் குழாய் இணைக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக ஒரு காது (ஷாக்கை மாட்டும் தகடு) ஒட்டிவிட்டால் ஷாக்கின் உதை சேசிஸையே உள்பக்கமாக முறுக்கும்.

அந்த ஸ்டட்டைத் தூக்கிப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கிற ஸ்டட் வளையத்தான் செய்யும். இரண்டு பக்கமும் 6 மிமீ காது, நடுவில் ஷாக் கண், 12 மிமீ 10.9 கிரேடு போல்ட்டு. போல்ட்டின் மரை இல்லாத வழுவழுப்பான பகுதி இரண்டு காதுகளுக்குள்ளும் இருக்க வேண்டும், மரை காதுக்குள் வந்தால் துளையை அரம் மாதிரி அராவித் தின்றுவிடும்.

ஹவுசிங்கில் கீழ் பிராக்கெட் வைக்கும்போது இன்னும் ஜாக்கிரதை. குழாயில் ஒரே பக்கம் ஒரே மூச்சில் வெல்டு ஓட்டினால் ஹவுசிங் வளையும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சக்கர பேரிங்கும் ஆயில் சீலும் சீக்கிரம் போகும்போது தெரியும். ஒரு இன்ச் வெல்டு, பிறகு எதிர்ப்பக்கம் ஒரு இன்ச், கையால் தொடும் சூடு வரும்வரை பொறுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது.

வெல்டு தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் துண்டுக்கு ஒட்டியே மாட்டுங்கள், எங்கோ முன்பக்கம் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாயும். டீசல் டேங்க், பிரேக் லைன், ஏபிஎஸ் வயர் மூன்றும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துவிட்டுத்தான் கிரைண்டரையே கையில் எடுக்க வேண்டும். துத்தநாகப் பூச்சு உள்ள இடமானால் முழுக்கச் சுரண்டிவிட்டு வெல்டு செய்யுங்கள், அந்தப் புகை காய்ச்சல் வரவழைக்கும்.

சேறுபூசி:

இவ்வளவு விளக்கம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. பாக்ஸ் சேசிஸ்தான். பட்டைக்கட்டு அண்ணா சொன்ன மாதிரி சாய்வை 15 டிகிரிக்குக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தேன். பம்ப் ரப்பரை ஒரு இன்ச் மட்டும் இறக்கி இடைவெளியை 4 ஆக்கினால், நசுங்கலோடு சேர்த்து ஆக்ஸில் 5 இன்ச் ஏறும். நிற்கும்போது கண்ணுக்குக் கண் 23 இன்ச் வைத்தால் முழுக்க ஏறிய நிலையில் 18.2 வருகிறது, 0.7 மிச்சம். இறங்கும் பக்கம் 4.5 இன்ச். இதே ஷாக்கே போதும் போலிருக்கிறதே?

சிக்கல் என்னவென்றால் மேல் மவுண்ட் இப்போதிருப்பதைவிட 5 இன்ச் உயர வேண்டும். தொட்டியின் தரைத் தகட்டுக்கு 6 இன்ச்தான் இருக்கிறது. ஷாக் கண்ணும் காதும் சேர்ந்தால் தகட்டைத் தொட்டுவிடும். தொட்டியில் துளை போட மனமில்லை. சேசிஸுக்கு வெளியே, டயருக்கும் சேசிஸுக்கும் நடுவில் வைத்தால் என்ன?

பட்டைக்கட்டு:

கணக்கு சரி. ஏற 5, இறங்க 4.5, கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. மண் பாதையில் ஓடும் பிக்கப்புக்கு நல்ல பங்கீடு. ஆனால் இந்த அளவை எடுத்தது வண்டி காலியாக இருக்கும்போதா? நீங்கள் எப்போதும் கொண்டுபோகும் சாமானை ஏற்றிவிட்டு மறுபடி அளந்துகொள்ளுங்கள், 21 என்பதே மாறியிருக்கும்.

வெளியே வைப்பது பற்றி. ஷாக் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது, பக்கவாட்டில் வண்டி சாய்ந்தாடுவதை அடக்கும் திறன் அந்தத் தூரத்தின் இருமடியாகக் கூடும். கீழ் முனை நடுவிலிருந்து 15 இன்ச்சில் இருந்ததை 18-க்குத் தள்ளினாலே 44 சதவீதம் கூடும். அதனால் ஆசை நியாயமானது. ஆனால் லீஃப் ஸ்பிரிங் வண்டிகளில் சேசிஸுக்கு வெளியே பட்டைக்கட்டும் யூ போல்ட்டும் உட்கார்ந்திருக்கும், மிஞ்சுவது டயரின் உள்பக்கச் சுவருக்கு முன்னால் கொஞ்சம் இடம். ஒரு சக்கரம் மேலேறி மறு சக்கரம் தொங்கும்போது ஆக்ஸில் சாய்வதால் டயரின் மேல்பகுதி உள்ளே தலைநீட்டும், அது ஷாக் பாடியை உரசினால் இரண்டில் ஒன்று போய்விடும். அளந்து பார்த்து, அந்த நிலையிலும் ஒரு இன்ச் இடைவெளி இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் பட்டைக்கட்டுக்கு உள்பக்கம் ஒட்டியே கீழ் முனை, சேசிஸுக்கு உள்ளே மேல் முனை. தொட்டியில் இரண்டு சின்னத் துளை போட்டு மேலே ஒரு மூடி. துளை போட மனமில்லாமல் வேறு சமரசம் செய்தால் அது ஷாக்கின் தலையில்தான் விடியும்.

இன்னொரு வழியும் உண்டு. ஒரு ஷாக்கை ஆக்ஸிலுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் வைத்து, ஒன்றை முன்புறமாகவும் மற்றதைப் பின்புறமாகவும் கொஞ்சம் சாய்ப்பது. பல பிக்கப்களில் கம்பெனியே இப்படி வைக்கிறது. உயரத்தில் கொஞ்சம் மிச்சமாகும், கூடவே ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஹவுசிங் முறுக்கிக்கொண்டு குதிக்கிற கெட்ட பழக்கமும் அடங்கும். ஆனால் இந்தச் சாய்வும் சாய்வுதான், கொசைன் கணக்கிலிருந்து தப்பாது. இரண்டு திசையிலும் சாய்த்தால் மொத்தக் கோணத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். 35-லிருந்து 15-க்கு நிமிர்த்தினால் அதே ஷாக் சக்கரத்தில் ஏறத்தாழ 1.4 மடங்கு கெட்டியாகத் தெரியும். வால்விங் (உள்ளே எண்ணெய் பாயும் வால்வுகளின் அமைப்பு) மாற்றக்கூடிய ஷாக் என்றால் ஒரு படி இளக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதல் ஓட்டத்தில் பின்னால் இடுப்பை உடைக்கிறது என்று இங்கே வந்து திட்டாதீர்கள்.

டீசல்புகை:

சரி, செய்வதென்று ஆகிவிட்டால் ஒழுங்காகச் செய்யுங்கள். பேப்பர் கணக்கை மட்டும் நம்பி வெல்டு வைக்க வேண்டாம். சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பட்டைக்கட்டைப் பிரித்து முதல் பட்டை மட்டும் மாட்டுங்கள். அப்போது ஜாக்கியால் ஆக்ஸிலை ஏற்றி இறக்குவது சுலபம், முழுக் கட்டோடு தூக்கினால் வண்டிதான் மேலே போகும். ஷாக்குக்குப் பதில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு இரும்புக் குழாய், 17.5-க்கும் 27.5-க்கும் கோடு போட்டுவைத்தது. ஹவுசிங்கிலும் சேசிஸிலும் சும்மா டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) வைத்து, முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கி, ஒரு பக்கம் ஏற்றி மறு பக்கம் தொங்கவிட்டு, மூன்றிலும் குழாய் கோட்டைத் தாண்டுகிறதா, எதையாவது தொடுகிறதா என்று பாருங்கள். லீஃப் நிமிரும்போது ஆக்ஸில் ஷேக்கிள் (லீஃபின் ஒரு முனையைப் பிடிக்கும் ஆடும் இணைப்பு) இருக்கும் பக்கம் நகரும் என்பதையும் அப்போதுதான் கண்ணால் பார்ப்பீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ஏபிஎஸ் வயர் இழுபடுகிறதா பாருங்கள். 4.5 இன்ச் இறங்கும்போது ஹோஸ் விறைத்து நின்றால் ஷாக்கைவிட அது பெரிய தலைவலி.

சேறுபூசி:

டேக் வைத்துப் பார்க்கிறேன். வெளியே இடமில்லை, அளந்தாகிவிட்டது. முக்கால் இன்ச் கூட வரவில்லை. தொட்டியில் துளைதான். கடைசியாக இரண்டு சந்தேகம். ஷாக் கண்ணின் போல்ட்டு எந்தத் திசையில் படுக்க வேண்டும், முன் பின்னாகவா, இடது வலமாகவா? ஷாக்கைத் தலைகீழாக மாட்டினால் கீழே பாடி கல்லில் அடிபடாதே, செய்யலாமா?

தீப்பொறி:

உங்களுடையது ரப்பர் புஷ் (ஷாக் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் வளையம்) என்று நினைக்கிறேன். அப்படியானால் போல்ட்டு முன் பின்னாகப் படுக்கட்டும். ஒரு சக்கரம் ஏறி ஒன்று இறங்கும்போது ஆக்ஸில் சாயும் திசைக்கு ஷாக் கண் போல்ட்டைச் சுற்றியே திரும்பிக்கொள்ளும், புஷ் முறுக்கப்படாது. இடது வலமாகப் படுத்தால் ஒவ்வொரு சாய்விலும் ரப்பரையும் ராடையும் வளைத்துக்கொண்டிருப்பீர்கள், சீல் போகும். மேலும் கீழும் ஒரே திசை. ஷாக்கை அப்புறப்படுத்தாமலேயே போல்ட்டை உருவ முடிகிறதா என்று டேக் நிலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், முழு வெல்டு முடிந்த பிறகு போல்ட்டு குழாயில் இடித்தால் வெட்டுவதுதான் வழி.

தலைகீழ் விஷயம், மோனோட்யூப் என்று சொன்னீர்கள், அதில் வாயுவையும் எண்ணெயையும் மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைத்திருந்தால் எப்படி வேண்டுமானாலும் மாட்டலாம். பாடி மேலே இருந்தால் ஆக்ஸிலோடு ஆடும் எடையும் குறையும். ஆனால் பளபளப்பான ராட் கீழே வந்துவிடும், கல் தெறித்து ஒரு கீறல் விழுந்தால் அது சீலை அறுத்துவிடும், அதனால் ராடுக்கு உறை போடாமல் செய்யாதீர்கள். ட்வின் ட்யூப் (குழாய்க்குள் குழாய்) ஷாக்கில் இந்த யோசனையே வேண்டாம், தலைகீழாக மாட்டினால் அடி வால்வு வாயுவை உறிஞ்சும், ஷாக் வேலையே செய்யாது.

பட்டைக்கட்டு:

இறங்கும் பக்கத்துக்கு லிமிட் ஸ்ட்ராப் (ஆக்ஸில் அளவுக்கு மேல் தொங்காமல் பிடிக்கும் வார்) ஒன்று சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் சக்கரம் காற்றில் தொங்கும் ஒவ்வொரு தடவையும் ஆக்ஸிலின் முழு எடையும் ஷாக்கின் ராடைப் பிடித்துத்தான் தொங்கும். ஸ்ட்ராப் இழுபட்டால் நீளும், ஆகவே ஷாக் முழுக்க நீளுவதற்கு ஒரு இன்ச் முன்பே அது விறைக்கிற மாதிரி கட்டுங்கள். அந்த ஒரு இன்ச்சைக் கழித்துவிட்டு 3.5 இன்ச் இறக்கம் போதுமா என்று பாருங்கள். போதாது என்று தோன்றினால் மேல் காதை வெல்டு செய்யும் முன்பே 12 இன்ச் ஷாக்குக்கு ஏற்ற உயரத்தில் இரண்டாவது துளை ஒன்றும் போட்டுவைக்கலாம், தொட்டியில்தான் எப்படியும் துளை வரப்போகிறதே.